ராம்பூரில் ஒரு மடக்குக் கத்தி

வட இந்தியாவுக்குப் போய்வந்த நம் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். டில்லி, ஆக்ரா, அஜ்மீர் என்று அவர்கள் சொல்லும் ஊர்களின் பெயர்கள் நமக்குப் பாடம். ராம்பூருக்குப் போய்வந்தோம் என்று சொன்னவர்களை நான் கண்டதில்லை. பிரயாண முகவர்களின் பட்டியலில் அந்த ஊர் இல்லை. ஆனால் நம் முன்னோருக்கு அது தெரியாத ஊரல்ல. கிலாபத் இயக்கத்தின் அலி சகோதரர்களில் இளையவரான மௌலானா முஹம்மத் அலி ஜௌஹர் 1878இல் பிறந்தது அங்கேதான். அந்தச் சகோதரர்களின் தாயார் பீ அம்மா இளவயதில் விதவையானவர். நகைகளை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்து, பிற்காலத்தில் புர்காவுடன் பொதுக்கூட்டங்களில் பேசி, 1924இல் வபாத்தானார். அந்தத் தாயின் ஊர் என்பதற்காகவே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

என் கணவரின் தொழில் நண்பர் ஒருவர் ஜெய்ப்பூரில் கல் வியாபாரம் செய்கிறார். அவருடைய மனைவியின் தாய்வீடு ராம்பூரில். கடந்த குளிர்காலத்தில் நாங்கள் டில்லியில் இருந்தபோது, "இரண்டு நாள் போய் இருந்துவிட்டு வாருங்கள்" என்று அந்தத் தம்பதியர் எங்களையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். போகும்போது என் மனதில் இருந்தது பீ அம்மா. வரும்போது நிறைந்திருந்தது ஒரு கத்தியைப் பற்றிய யோசனை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கங்கையைத் தாண்டி

டில்லியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 190 கிலோமீற்றர். காலை ரயிலில் மூடுபனியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கட்முக்தேஸ்வர் என்ற இடத்தில் பாலத்தின் ஓசை மாறியபோதுதான் கங்கையைக் கடக்கிறோம் என்று நண்பரின் மனைவி சொன்னார். அடுத்த பெரிய ஊர் மொராதாபாத். நம் நாட்டில் பித்தளைச் சாமான் விற்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. அங்கிருந்து அரைமணி நேரம் போனால் ராம்பூர்.

ஊர் பெரிதல்ல. கரும்பு ஏற்றிய வண்டிகளும், மின்கல றிக்‌ஷாக்களும், கம்பளி போர்த்த மனிதர்களுமாகத் தெருக்கள் நெருக்கமாக இருக்கின்றன. உர்தூப் பெயர்ப்பலகைகளை இங்கே நிறையக் காணலாம். ரோஹில்லா ஆப்கானியரின் வழிவந்த நவாப் பைசுல்லாஹ் கான் 1774இல் நிறுவிய அரசு இது. ஆங்கிலேயர் ஆட்சி முழுவதும் தனிச் சமஸ்தானமாக இருந்து, 1949இல் இந்தியாவுடன் இணைந்தது.

முதலில் ரஸா நூலகத்தைப் பார்த்தோம். ஹாமித் மன்ஸில் என்ற மாளிகையில் அது இருக்கிறது. நவாப்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சுமார் 17,000 கையெழுத்துப் பிரதிகள் அங்கே உள்ளன. அரபு, பாரசீகம், உர்தூ மட்டுமல்ல, தமிழ் உட்படத் தென்னாட்டு மொழிகளின் ஓலைச்சுவடிகளும் சேகரிப்பில் உண்டாம். அலி (ரலி) அவர்களின் கையெழுத்து என்று சொல்லப்படும் தோலில் எழுதிய குர்ஆன் பிரதி ஒன்றும் இருக்கிறது. 1975 முதல் நூலகம் மத்திய அரசின் பொறுப்பில் உள்ளது. கண்ணாடிக்குப் பின்னால் வைக்கவேண்டியவை எவை என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு கை பட்டால் உதிர்ந்துவிடும் தாளைக் கண்ணாடிதான் காப்பாற்ற வேண்டும்.

ஆனால் ராம்பூரின் பெயரை வட இந்தியா முழுவதும் கொண்டுபோனது அந்த நூல்களல்ல. "ராம்பூரி" என்று சொன்னால் அங்கே சின்னப் பிள்ளைக்கும் நினைவுக்கு வருவது ஒரு மடக்குக் கத்தி.

கத்தி பஜார்

நாம் வில்லுக்கத்தி என்று சொல்கிறோமே, அதன் பெரிய உருவம்தான் ராம்பூரிச் சாக்கு. அங்கே கத்திக்குச் சாக்கு என்று பெயர். பழைய ராம்பூரியின் அலகு 9 அங்குலத்திலிருந்து 12 அங்குலம் வரை இருக்கும். பிடி எருமைக் கொம்பு அல்லது பித்தளை. பிடியின் முதுகில் ஓர் எஃகு வில் ஓடுகிறது. அலகின் அடிப்பாகத்தில் பல் வெட்டியிருப்பார்கள். விரிக்கும்போது அந்தப் பற்கள் வில்லில் தட்டித் தட்டி 'கட், கட், கட்' என்று ஒலி எழும்பும். முழுதாக விரிந்ததும் வில் அலகைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வில்லை உயர்த்தினால்தான் மடங்கும்.

நவாப்களின் காலத்தில் வாள் செய்த கொல்லர்கள், துப்பாக்கி பரவி வாளுக்கு வேலை குறைந்தபோது இந்தத் தொழிலுக்கு மாறினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். பயணிகளும் வண்டிக்காரரும் விவசாயிகளும் இடுப்பில் செருகிக்கொண்டு போன கத்தி இது. பழம் வெட்டவும் கயிறு அறுக்கவும் உதவியது. வழியில் கள்வர் பயத்துக்கும் துணையாக இருந்தது.

அதன் பெயரைக் கெடுத்தது சினிமா. 1960களிலிருந்து 1980கள் வரை வந்த ஹிந்திப் படங்களில் வில்லன் என்றால் கையில் ராம்பூரி இருக்கும். 1965இல் வந்த 'வக்த்' படத்தில் ராஜ்குமார், கத்தி நீட்டியவனைப் பார்த்து இது பிள்ளைகள் விளையாடும் சாமானல்ல என்ற கருத்தில் பேசும் கட்டம் இன்றும் பேசப்படுகிறது. நம் ஊர்த் தியேட்டர்களிலும் அந்தப் படங்கள் ஓடின. அந்த 'கட், கட்' ஒலி கேட்டாலே பயம் வரும்படி செய்துவிட்டார்கள். நிஜத்திலும் ரவுடிகளின் கையில் அது இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் உத்தரப் பிரதேச அரசு நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகைத் தடை செய்தது. ஒரு தெரு முழுவதும் நடந்த தொழில் அதோடு ஒடுங்கிவிட்டது. மலிவான வெளிநாட்டுக் கத்திகள் மிச்சத்தையும் கெடுத்தன.

இப்போது பஜாரில் கத்திக் கடைகளை விரல்விட்டு எண்ணலாம். நாங்கள் போன கடையில் அறுபது கடந்த ஒரு உஸ்தாத் இருந்தார். அவருடைய தகப்பனும் பாட்டனும் செய்த தொழில். மகன் றிக்‌ஷா ஓட்டுகிறார். உஸ்தாத் எங்களை உட்காரவைத்துத் தேநீர் தருவித்து, ஒவ்வொரு கத்தியாக எடுத்துக் காட்டினார். எல்லாம் சட்டத்துக்கு உட்பட்ட சின்னக் கத்திகள். அலகைத் தீட்டும்போது அவருடைய கண் அலகில் இல்லை, ஒலியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சதுக்கத்தில் இருக்கும் கத்தியைப் பார்த்தீர்களா, ஆபா?" என்று என்னைக் கேட்டார்.

பார்த்திருந்தோம். 2023 மார்ச் மாதத்தில் ராம்பூரின் ஒரு சந்தியில் 20 அடி நீளமான ராம்பூரிக் கத்தி ஒன்றை நிறுவி, அந்த இடத்துக்குச் 'சாக்குச் சந்தி' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். செலவு 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு மேல். விரித்த நிலையில் பளபளவென்று நிற்கிறது. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

"எங்களை நினைத்தார்களே, சந்தோஷம்" என்றார் உஸ்தாத். "ஆனால் படம் பிடித்தவர்கள் அப்படியே போய்விடுகிறார்கள். இங்கே வருபவர்கள் கொஞ்சம். வந்தவர்களும் 'இதை அலுமாரியில் வைக்கப் போகிறேன், கூர் வேண்டாம்' என்கிறார்கள். கூர் வேண்டாம் என்றால் நான் எதற்கு? அச்சு வார்ப்பவன் போதுமே."

தன் கத்தியை எடுத்துப் போகிறவர் அதனால் தினமும் ஓர் ஆப்பிளாவது வெட்ட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். வெட்டினால்தான் தேயும், தேய்ந்தால்தான் தீட்டக் கொண்டுவருவார்கள், கொண்டுவந்தால்தான் கடை திறந்திருக்கும் என்று கணக்குச் சொன்னார். நான் மூன்றரை அங்குல அலகுள்ள ஒன்றை வாங்கினேன். பித்தளைப் பிடி, கொம்பு பதித்தது. 'கட், கட்' ஒலியும் உண்டு.

சுவரில் அடித்த ஆணி

நாங்கள் தங்கிய வீட்டில் அன்றிரவு இதே பேச்சு வேறு விதமாக வந்தது.

அந்த வீட்டின் மூத்தவரைத் தாதீ என்று எல்லோரும் அழைத்தார்கள். அங்கே வாப்பாவின் தாயை அப்படித்தான் அழைப்பார்கள். எண்பதை நெருங்கியவர். இரண்டு மகன்மாரும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ். சாப்பாட்டுக்குப் பிறகு கரிச்சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். குளிருக்கு என்று இஞ்சி ஹல்வா செய்திருந்தார்கள். ராம்பூர்க் குசினிகளின் பெயர்போன பண்டம் அது. இஞ்சியின் காரமும் சீனியும் நெய்யும் சேர்ந்து தொண்டைக்கு இதமாக இறங்கியது. மூத்த மருமகளிடம் கேட்டு முறையை எழுதிக்கொண்டேன். இன்னொரு மாதம் எழுதலாம்.

நான் வாங்கிய கத்தியைப் பார்த்ததும் மூத்த மகன் உள்ளே போய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய காலஞ்சென்ற தகப்பனாரின் ராம்பூரி. பத்து அங்குல அலகு, கறுத்த கொம்புப் பிடி, முனைகளில் பித்தளை. இன்று யாரும் இப்படிச் செய்ய முடியாது. செய்தால் சட்டம் விடாது. வாங்க ஆள் வந்ததாம், கொடுக்கவில்லை. இதை விரித்தபடி சிவப்பு வெல்வெட்டில் பதித்து, கண்ணாடிச் சட்டகம் போட்டு, வரவேற்பறையில் மாட்ட வேண்டும் என்பது அவருடைய திட்டம். சட்டகம் வந்துவிட்டது. சுவரில் ஆணியும் அடித்தாகிவிட்டது.

"வீட்டுக்கு வருகிறவர்கள் நாம் யார் என்று தெரிந்துகொள்ளட்டும்" என்றார்.

இளைய மருமகள் ஓர் ஆசிரியை. பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "பாய்ஜான், போன வாரம் உங்கள் மகன் இதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். நான் பார்த்தேன். அவன் தாதாவைப்போல நிற்கவில்லை. சினிமாவில் பார்த்ததுபோல நின்றான். ஒரு படம் எடுத்துக் கூட்டாளிக்கு அனுப்பியிருந்தால்? அந்தப் படம் எங்கே போய் நிற்கும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்று யார் பார்ப்பார்கள்?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். நண்பரின் மனைவி இதை எனக்கு மொழிபெயர்த்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தப் பயம் எதைப்பற்றியது என்று எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

மூத்தவர் விடவில்லை. "அப்படியானால் பெட்டியில் கிடந்து துருப்பிடிக்கட்டுமா? அல்லது குசினியில் வெங்காயம் வெட்டுவதா?"

தாதீ கத்தியைக் கேட்டு வாங்கினார். விரிக்கவில்லை. மடங்கிய பிடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேசினார்: "உன் தகப்பன் இதை எப்போது விரிப்பார் என்று எனக்குத் தெரியும். கோடையில் ஆற்று மணலில் விளைந்த முலாம்பழம் வரும். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் விரிப்பார். முதல் துண்டு வேலைக்காரப் பிள்ளைக்கு. வெட்டி முடித்ததும் கழுவித் துடைத்து மடித்துவிட்டுத்தான் எழும்புவார். நாற்பது வருஷம் பார்த்தேன். விரித்த கத்தியை அவர் ஒரு நிமிஷம்கூடக் கீழே வைத்ததில்லை. நீ விரித்தபடி சுவரில் மாட்டினால் அது அவருடைய கத்தியாக இருக்காது. படத்தில் வரும் குண்டனுடைய கத்தியாகிவிடும்."

"அப்படியென்றால் நாமும் முலாம்பழம் வெட்டலாமே, அம்மீ?" என்றார் மூத்த மருமகள்.

அதற்கும் தாதீ இணங்கவில்லை. வில் தளர்ந்துவிட்டதாம். தளர்ந்த வில் அலகை நம்பிக்கையாகப் பிடிக்காது. பழத்தில் அழுத்தும்போது அலகு திரும்பி விரல்மேல் மடங்கிவிடும். பஜார் உஸ்தாத் புது வில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பழைய வில்லையும் ஆணிகளையும் கழற்றினால், முன்னைய கொல்லர் செய்தது பாதி போய்விடும். மிஞ்சுவது புதுக் கத்தி ஒன்றுதான் என்பது தாதீயின் எண்ணம். கொல்லரும் போய்விட்டார், வெட்டியவரும் போய்விட்டார். கத்தி ஓய்வெடுக்கட்டும் என்றார்.

ஆகவே அவர் சொன்ன தீர்ப்பு இது: மடித்து, எண்ணெய் பூசி, துணி சுற்றிப் பெட்டியில் வை. திறப்பு என்னிடம். பெருநாளைக்குப் பேரப்பிள்ளைகள் எல்லோரும் கூடும்போது எடுத்துக் காட்டுவேன். கதையும் சொல்வேன்.

"உங்களுக்குப் பிறகு யார் கதை சொல்வது?" என்று கேட்டது பதினைந்து வயதுப் பேத்தி. கேட்டவள் தானே ஒரு கொப்பியை எடுத்து எழுத உட்கார்ந்தாள். யார் வாங்கியது, எந்தக் காலத்தில், எதற்குப் பயன்பட்டது, முதல் துண்டு யாருக்கு என்று தாதீ சொல்லச் சொல்ல உர்தூவில் எழுதினாள். அந்தத் தாளும் பெட்டிக்குள் போயிற்று.

சட்டகம் மிஞ்சியது. ராம்பூர்ப் பெண்களின் கைவேலை ஒன்று உண்டு. துணியை நுணுக்கமாக வெட்டி, மற்றொரு துணியின்மேல் வைத்துத் தைக்கும் ஒட்டுத்தையல். மாவட்டத்தின் சிறப்புத் தொழில் என்று அரசாங்கமே அதைத்தான் அறிவித்திருக்கிறது. தாதீ மணப்பெண்ணாக வந்தபோது தைத்த ஒரு துண்டு அலுமாரியில் மடித்துக் கிடந்தது. அதைச் சட்டகத்தில் போட்டால் என்ன என்று இளைய மருமகள் கேட்டார். மூத்தவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நாங்கள் புறப்பட்ட காலையில் ஆணி வெறுமையாகத்தான் இருந்தது.

நம் வீடுகளில்

ரயிலில் திரும்பும்போது என் நினைவு நம் நாட்டுக்கு வந்துவிட்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு நம் வீடுகளில் நடந்த சோதனைகளை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்கும்படி அறிவித்தல் வந்தது. அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னார்கள். ஆனால் எது அன்றாடக் கத்தி, எது அல்ல என்று பயந்துபோன வீட்டில் யார் யோசிப்பது? எங்கள் உறவில் ஒரு வீட்டில் மூத்தம்மாவின் யானைத்தந்தப் பிடிபோட்ட பழைய கத்தியை இரவோடிரவாகக் கிணற்றில் போட்டார்கள். அது யாருடையது, எதற்கு வந்தது என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. கதை தெரியாத கத்தி வெறும் ஆயுதமாகத்தான் தெரிந்தது.

இந்தியச் சட்டமும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்கிறது. அங்கே ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகு ஆயுதமாகக் கருதப்படும். வீட்டு வேலை, விவசாயம், கைத்தொழில் முதலியவற்றுக்கென்று செய்யப்பட்டவைக்கு விலக்கு உண்டு. ஆக, கத்தியின் நீளத்தோடு அதன் வேலையையும் சட்டம் பார்க்கிறது. நாமும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

திருக்குர்ஆனின் ஹதீத் என்ற சூறாவில் இரும்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அதன் வலிமையும், மனிதருக்கு அதிலுள்ள பயன்களும் இரண்டும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. அம்புகளோடு பள்ளிவாசலுக்குள்ளோ சந்தைக்குள்ளோ போகிறவர் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் ஹதீஸ் நூல்களில் வருகிறது. வரவேற்பறையும் பலர் வந்துபோகும் இடந்தானே. அங்கே கூரை மறைப்பதுதான் மரியாதை.

பாவிப்பதா, வைப்பதா?

நம் வீடுகளில் இப்படி ஒரு கத்தி இருந்தால், அல்லது பிள்ளைகளின் வாப்பா வெளிநாட்டிலிருந்து ஆசையாக ஒன்றைக் கொண்டுவந்தால், என்ன செய்வது? ராம்பூரில் கண்டதையும் கேட்டதையும் வைத்துச் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

வில் உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விரித்த கத்தியின் அலகு அசைந்தால் அதை வேலைக்கு எடுக்க வேண்டாம். அது மடங்குவது உங்கள் விரலின்மேல்தான். உறுதியாக இருந்து, சாதாரணக் கடைச் சரக்காகவும் இருந்தால் தயங்காமல் பாவியுங்கள். கடையில் மறுபடி கிடைக்கக்கூடிய சாமானைப் பூட்டி வைப்பதால் யாருக்கும் பயனில்லை.

இனிச் செய்யப்படாத பழைய கத்தி என்றால் கூர் தீட்ட வேண்டாம், பிரஸ்ஸோ போட்டுப் பளபளப்பாக்கவும் வேண்டாம். அலகில் படிந்த கறுப்பு அதன் வயது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். சிவப்புத் துரு மட்டும் ஆகாது; அதை எண்ணெய் தோய்ந்த துணியால் மெதுவாகத் துடைத்தெடுக்க வேண்டும்.

நம் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று இரும்புக்கு எதிரி. தோலுறைக்குள் நெடுநாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து அலகுக்குக் கொடுக்கும். பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தேங்காயெண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்து வில்லை அடைத்துவிடும். வைப்புக் கத்திக்குத் தையல் மெசின் எண்ணெய் போதும். பழம் வெட்டும் கத்திக்கென்றால் பார்மசியில் விற்கும் லிக்விட் பரபின் ஒரு சொட்டு. கொம்புப் பிடியைத் தண்ணீரில் ஊறப்போடக்கூடாது. வெயிலில் காயவைத்தால் வெடிக்கும்.

எதையும் விரித்தபடி காட்சிக்கு வைக்க வேண்டாம். பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு மறைத்துவைத்தால் ஆசை கூடும். ஆகவே பெரியவர் ஒருவர் எடுத்து, விரித்து, எப்படிப் பிடிப்பது, எப்படிக் கைமாற்றுவது, எப்படி மடிப்பது என்று காட்டிவிட்டு உள்ளே வைக்கட்டும்.

கடைசியாக, ஒரு தாளில் எழுதி வையுங்கள். யாருடையது, எந்த ஆண்டு, எங்கே வாங்கியது, என்ன வேலைக்கு. வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். கத்திக்கு மட்டுமல்ல, கண்ணாடி அலுமாரியில் இருக்கும் மூத்தம்மாவின் பாக்குவெட்டிக்கும் வெற்றிலை வட்டாவுக்கும்கூட இது பொருந்தும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவை யாருடையவை என்று தெரியும்?

ராம்பூரிலிருந்து வந்த என் சின்னக் கத்தி கைப்பையில் வர முடியாததால் பெரிய பெட்டியில் உடுப்புகளுக்குள் இருந்து வந்தது. "இவ்வளவு தூரம் போய்க் கத்தியா வாங்கிவந்தாய்?" என்று மாமி சிரித்தார். பிறகு ஒலியைக் கேட்டுவிட்டு அவரே நாலைந்து தரம் விரித்து மடித்தார். அலுமாரியில் வைக்கலாமே என்றார். நான் குசினி இழுப்பறையின் மேல்தட்டில் வைத்தேன். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம் வந்தது. புளிப்புப் பட்டு அலகில் நீலமும் கறுப்புமாகக் கறை விழுந்திருக்கிறது. தீட்டவும் வேண்டிவந்தது, ராம்பூர் தூரம் என்பதால், எங்கள் தெருவுக்குச் சாணைக்கல்லோடு வரும் மனிதரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்த ஊர் வேலை?" என்று கேட்டார். சொன்னேன்.